வீடியோ எடுக்கத் தெரியலைன்னா வேலையை எழுதிக் குடுத்துடணுமா? ஒரு மாவட்ட நிருபரோட கடிதத்துக்கு பதில்

டெல்டா பக்கம் ஒரு மாவட்டத்துல நிருபரா இருக்கிற ஒருத்தர் நீளமா ஒரு கடிதம் எழுதியிருக்கார். பேர், ஊர், பத்திரிகை எதுவும் வெளிய வரக்கூடாதுன்னு கேட்டிருக்கார், அதனால அடையாளம் தெரியுற மாதிரி இருந்ததெல்லாம் எடுத்தாச்சு. மிச்சம் இருக்கிற விஷயம் இதுதான்.

வயசு 46. 19 வருஷமா ஒரே நாளிதழ். நியமனக் கடிதம் இருக்கு, பி.எஃப். பிடிக்கிறாங்க. கலெக்டர் ஆபீஸ் மனுநீதி நாள்ல இருந்து கோர்ட், கிரைம், குறுவை சாகுபடி, தேர் திருவிழா வரைக்கும் எல்லாம் இவர்தான். போன மாசம் நிர்வாகம் கூப்பிட்டு, இனி தினமும் ரெண்டு வீடியோ ஒரு ரீல்ஸ் கண்டிப்பா வேணும், சொந்த போன்லயே எடுத்து அனுப்பணும், முடியாதவங்க இந்த படிவத்துல கையெழுத்து போடுங்கன்னு ஒரு பேப்பரை நீட்டியிருக்காங்க. அதுல என்னன்னா, இப்ப இருக்கிற வேலையை ராஜினாமா பண்ணிட்டு அதே குழுமத்தோட டிஜிட்டல் கம்பெனியில 11 மாச ஒப்பந்தத்துல 'கன்டென்ட் பங்களிப்பாளரா' சேரணுமாம். இன்னொரு பக்கம் ஒரு தனியார் இன்ஸ்டிட்யூட்காரங்க ஆறு மாச டிஜிட்டல் ஜர்னலிசம் டிப்ளமோ, ஃபீஸ் 75,000 ரூபாய்னு போன் மேல போன் போடுறாங்க, இவரும் மனைவியோட நகையை அடகு வைக்கலாமான்னு யோசிக்கிறார்.

மூணாவது விஷயம்தான் இவரை தூங்க விடல. வாட்ஸ்அப்ல வந்த ஒரு வீடியோ, பஸ் ஸ்டாண்டுல ஒருத்தரை நாலு பேர் வெட்ட வர்றாங்க. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுன்னு ஒருத்தர் அனுப்ப, இவர் டெஸ்க்குக்கு, அதாவது ஆபீஸ்ல செய்தியைத் திருத்திப் போடுற பிரிவுக்கு, ஃபார்வர்ட் பண்ண, அது பத்திரிகையோட ஃபேஸ்புக் பக்கத்துல ஏறிடுச்சு. ஒரு மணி நேரத்துல எடுத்துட்டாங்க, ஏன்னா அது வேற மாநிலத்துல எப்பவோ நடந்தது. "அந்த வீடியோவுல டீக்கடை போர்டு தெலுங்குல இருந்ததை அப்புறம்தான் மேடம் கவனிச்சேன்"னு எழுதியிருக்கார். இப்ப இன்ஸ்பெக்டர் போன் பண்ணி 'போனை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு வாங்க'ன்னு சொல்லியிருக்கார்.

கடைசியா மூணு கேள்வி: கையெழுத்து போடட்டுமா, கோர்ஸ்ல சேரட்டுமா, போனை ரீசெட் பண்ணிட்டு ஸ்டேஷனுக்குப் போகட்டுமா? கூடவே ஒரு வரி, "ஆபீஸ்ல இருக்கிற பசங்க 'என்னண்ணா இதுகூட தெரியாதா'ன்னு கேக்கிறப்ப கூசுது."

சார், மூணுக்கும் என்னோட பதில் வேண்டாம்ங்கிறதுதான். அவசரமானதை முதல்ல பேசிடுவோம்.

அந்த போன்

ரீசெட் பண்ணவே பண்ணாதீங்க. போலீஸ் ஒரு விஷயத்தை கேட்டதுக்கு அப்புறம் அதை அழிச்சா, அதுவே தனி குற்றமா நிக்கும். ஐ.பி.சி.க்கு பதிலா வந்த குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுல (பி.என்.எஸ்.) 241-வது பிரிவு ஆவணத்தையும் மின்னணு பதிவையும் அழிக்கிறதைப் பத்தித்தான் பேசுது. இன்னைக்கு உங்க மேல இருக்கிறது ஒரு கவனக்குறைவு, அதை நீங்களே 'மறைக்கப் பார்த்தான்'னு மாத்திக் குடுத்துடாதீங்க. அதுவும் இல்லாம, உங்களுக்கு யார் அனுப்பினாங்க, என்ன சொல்லி அனுப்பினாங்க, நீங்க டெஸ்க்குக்கு என்ன எழுதினீங்க, இது எல்லாமே உங்க பக்கத்துக்கான சாட்சி. அதைப் போய் நீங்களே அழிக்கலாமா?

அடுத்தது, போன்ல கூப்பிட்டாங்கன்னு உடனே கிளம்பிப் போகணும்னு இல்லை. 'சார், வர்றேன், எந்தப் பிரிவுல கூப்பிடுறீங்கன்னு எழுத்துல குடுங்க'ன்னு மரியாதையா கேளுங்க. பிரிவைப் பொறுத்து உங்க நிலைமையே மாறும். 2024 ஜூலை 1-ல இருந்து குற்றவியல் நடைமுறைச் சட்டம் சி.ஆர்.பி.சி. போய் பி.என்.எஸ்.எஸ். வந்துடுச்சு. அதுல 179-ன்னு போட்டா உங்களை சாட்சியா கூப்பிடுறாங்க. 35(3)-ன்னா சந்தேகப்படுற ஆளா ஆஜராகச் சொல்றாங்க. 94-ன்னா ஒரு ஆவணத்தையோ கருவியையோ கொண்டு வரச் சொல்றாங்க. 35(3) வந்தா அன்னைக்கே உங்க ஊர் வக்கீல் ஒருத்தரைப் பார்த்துடுங்க, முன்ஜாமீன் தேவையா இல்லையான்னு எஃப்.ஐ.ஆர். நகலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 94-ன்னா, கேட்கிறது அந்த ஒரு வீடியோ சம்பந்தமானது மட்டும்னா, அதை மட்டும் எடுத்துக் குடுக்கிறேன், போன்ல என் தொழில் சம்பந்தமான மத்தவங்க தகவல் இருக்குன்னு எழுதிக் குடுத்துப் பாருங்க. எல்லா இடத்துலயும் எடுபடும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா எழுதிக் குடுத்தது ஃபைல்ல இருக்கும்.

போனை எடுத்தே தீருவோம்னா மகஜர், அதாவது கைப்பற்றினதுக்கான எழுத்துப் பதிவு, கேளுங்க, போனோட அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. நம்பர் அதுல இருக்கணும். பி.என்.எஸ்.எஸ். 105-வது பிரிவுப்படி கைப்பற்றுறதை வீடியோ எடுக்கணும், அதையும் ஞாபகப்படுத்துங்க. பாஸ்வேர்டு கேட்டா, நீங்க குற்றம் சாட்டப்பட்டவர்னா தனக்கு எதிரா தானே சாட்சி சொல்ல வற்புறுத்தக்கூடாதுங்கிற அரசியலமைப்போட 20(3) பிரிவை வச்சு வக்கீல் மூலமா மறுக்க இடம் இருக்கு, ஆனா அது இன்னும் கோர்ட்டுகள்ல இழுபறியா இருக்கிற விஷயம், அதனால தனியா நின்னு வாதாடாதீங்க.

நீங்க கடிதத்துல 'சோர்ஸ் யாருன்னு சொல்ல வேண்டாம்னு சட்டமே இருக்குல்ல'ன்னு கேட்டிருக்கீங்க. இது நம்ம நிருபர்கள் பாதிப் பேர் நம்புற விஷயம், ஆனா அப்படி முழுசா ஒரு சட்டம் நம்ம நாட்டுல கிடையாது. 1978 பிரஸ் கவுன்சில் சட்டத்துல 15(2)-ன்னு ஒண்ணு இருக்கு, அது பிரஸ் கவுன்சில் விசாரணையில மட்டும்தான் காப்பாத்தும், ஸ்டேஷன்லயும் கோர்ட்லயும் காப்பாத்தாது. 2021 அக்டோபர்ல பெகாசஸ் உளவு மென்பொருள் வழக்குல சுப்ரீம் கோர்ட் சோர்ஸ் பாதுகாப்பு பத்திரிகை சுதந்திரத்துக்கு அடிப்படைன்னு சொல்லுச்சு, வாதத்துக்கு அது நல்ல ஆயுதம்தான். ஆனா உங்க சோர்ஸுக்கு உண்மையான பாதுகாப்பு உங்க போனை நீங்க எப்படி வச்சிருக்கீங்கங்கிறதுதான், முக்கியமான ஆளோட பேர் கான்டாக்ட்ல முழுப் பேரும் பதவியுமா இருக்கா, சாட் எல்லாம் தானா மறையுற மாதிரி செட்டிங் போட்டிருக்கீங்களா, வேலைக்கு ஒரு போன் வீட்டுக்கு ஒரு போன்னு பிரிச்சிருக்கீங்களா. இதையெல்லாம் இனிமே வர்ற விஷயங்களுக்குப் பண்ணுங்க. இப்ப போலீஸ் கேட்டிருக்கிற போன்ல கை வைக்காதீங்க.

'ஃபார்வர்டட்' போட்டா தப்பிச்சுடலாமா

முடியாது சார். நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கு, அதுவும் பத்திரிகையாளர்கள் சம்பந்தப்பட்டது. 2018-ல பெண் பத்திரிகையாளர்களை கேவலமா பேசின ஒரு பதிவை நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான எஸ்.வி. சேகர் ஷேர் பண்ணினார். படிக்காம ஃபார்வர்ட் பண்ணிட்டேன், தெரிஞ்சதும் எடுத்துட்டேன், மன்னிப்பும் கேட்டுட்டேன்னு வாதம். 2023-ல சென்னை ஹைகோர்ட் வழக்கை ரத்து பண்ண மறுத்துடுச்சு, சுப்ரீம் கோர்ட்டும் கை குடுக்கல, 2024-ல ஸ்பெஷல் கோர்ட் ஒரு மாசம் தண்டனை குடுத்துச்சு. உங்க விஷயம் அந்த அளவுக்குக் கிடையாது, பயமுறுத்த சொல்லலை, ஆனா ஃபார்வர்ட் பண்றதும் வெளியிடுறதுதாங்கிற இடத்துக்கு கோர்ட்டுகள் வந்துடுச்சு.

இன்னொண்ணு, 2023 மார்ச் மாசம் ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளர்களை அடிக்கிறாங்கன்னு வீடியோக்கள் பரவுச்சே, அதுல பாதி வேற மாநிலத்துல வேற காரணத்துக்கு நடந்த சண்டை. திருப்பூர்ல இருந்து ஆட்கள் மூட்டையைக் கட்டிக்கிட்டு ரயில் ஏறினாங்க, டி.ஜி.பி.யே வீடியோ போட்டு மறுக்க வேண்டி வந்துச்சு, பீகார் யூடியூபர் ஒருத்தர் கைதாகி இங்க கொண்டு வரப்பட்டார், சில பத்திரிகை ஆட்கள் மேலயும் கேஸ் விழுந்துச்சு. அதனால போலீஸ் இந்த மாதிரி வீடியோன்னா இப்ப லேசுல விட மாட்டாங்க.

இப்ப உங்களுக்கு சாதகமான விஷயத்துக்கு வர்றேன். பொய்ச் செய்தி, வதந்தின்னா பொதுவா போடுற பிரிவு பி.என்.எஸ். 353, பழைய ஐ.பி.சி.யில 505. அதுல ஒரு விலக்கு இருக்கு. அது உண்மைன்னு நம்ப நியாயமான காரணம் இருந்து, நல்லெண்ணத்தோட, யாரையும் தூண்டணும்ங்கிற நோக்கம் இல்லாம வெளியிட்டிருந்தா குற்றம் ஆகாது. சரி, நல்லெண்ணம்னா என்ன? அதே சட்டத்தோட 2-வது பிரிவு சொல்லுது, உரிய கவனமும் அக்கறையும் இல்லாம செஞ்சதோ நம்பினதோ நல்லெண்ணத்தோட செஞ்சதுன்னு ஆகாது. அதாவது நீங்க நல்லவர்ங்கிறது பத்தாது, என்னென்ன பண்ணிப் பார்த்தீங்கன்னு காட்டணும்.

உங்க கடிதம் முழுக்க டிஜிட்டல்னா எடிட்டிங் ஆப்னு நினைச்சுக்கிட்டு எழுதியிருக்கீங்க. நான் சொல்றது வேற. ஒரு நிருபருக்கு முதல்ல வேணுங்கிற டிஜிட்டல் திறமை, வந்ததை சரிபார்க்கிறதும், சரிபார்த்ததை அடுத்தவன் பார்த்து ஒத்துக்கிற மாதிரி பதிஞ்சு வைக்கிறதும். அது செய்திக்கும் ஆகும், கோர்ட்டுக்கும் ஆகும்.

அந்த பஸ் ஸ்டாண்ட் வீடியோவையே எடுத்துக்குங்க. வந்த உடனே நாலஞ்சு இடத்துல நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸ்ல போட்டுப் பாருங்க, இன்விட் வீவெரிஃபைன்னு இலவச கருவி இருக்கு, கம்ப்யூட்டர் பிரவுசர்ல போட்டுக்கிட்டா வீடியோவை அதுவே ஃபிரேம் ஃபிரேமா பிரிச்சுக் குடுக்கும். பழைய வீடியோன்னா பெரும்பாலும் இதுலயே மாட்டிக்கும். மாட்டலைன்னா கண்ணை நம்புங்க: பஸ் நம்பர் பிளேட்ல டி.என். இருக்கா, கடை போர்டு எந்த எழுத்துல இருக்கு, நிழல் எந்தப் பக்கம் விழுது. இதுல அந்த ஆபீஸ் பசங்களைவிட நீங்கதான் கெட்டிக்காரர், உங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல எந்தக் கடை எந்த மூலையில இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா, அவசரத்துல பார்க்கல, அவ்வளவுதான். அப்புறம் ரெண்டு போன், ஒண்ணு போலீஸ் அவுட்போஸ்ட்டுக்கு, ஒண்ணு உள்ள கடை வச்சிருக்கிற தெரிஞ்சவருக்கு.

இதைப் பண்ணும்போதே ஒரு நோட்ல எழுதுங்க. எத்தனை மணிக்கு யார் அனுப்பினாங்க, அவங்களுக்கு எங்கிருந்து வந்துச்சு, எதுல தேடினேன், என்ன கிடைச்சது, யாரைக் கேட்டேன், என்ன சொன்னாங்க, டெஸ்க்ல யாருக்கு என்ன குறிப்போட அனுப்பினேன். நாலு வரிதான். 'இடம் உறுதி ஆகலை, போடாதீங்க'ன்னு டெஸ்க்குக்கு நீங்க ஒரு வரி அனுப்பியிருந்தா இன்னைக்கு அந்த இன்ஸ்பெக்டர் போன் உங்களுக்கு வந்தே இருக்காது.

ஒரிஜினல் ஃபைல் பத்தி ஒரு விஷயம். நீங்களே எடுக்கிற வீடியோவை வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா அது சுருங்கிடும், எப்ப எடுத்ததுங்கிற தகவலும் போயிடும். டாக்குமென்ட்டா அனுப்புங்க, ஒரிஜினலை போன்லயோ ஹார்ட் டிஸ்க்லயோ அப்படியே வைங்க. நாளைக்கு மானநஷ்ட வழக்குன்னு வந்தா, புது சாட்சிய சட்டம் 63-வது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கு சான்றிதழ் குடுக்கணும், அந்தப் படிவத்துலயே ஃபைலோட ஹேஷ் மதிப்பு கேட்குறாங்க. ஹேஷ்னா ஒண்ணும் இல்லை, அந்த ஃபைல்ல ஒரு துளி மாறினாலும் மாறிப் போற ஒரு நீள எண், ஃபைலுக்கு கைரேகை மாதிரி. முக்கியமான ஃபைலுக்கு அதை எடுத்து நோட்ல ஒட்டி வச்சுடுங்க.

நகையை வீட்டுலயே வைங்க

75,000 ரூபாய் டிப்ளமோவைப் பத்தி. அந்த இன்ஸ்டிட்யூட் நல்லதா கெட்டதான்னு நான் சொல்ல வரல. நீங்க அனுப்பின பாடத்திட்டத்தைப் பார்த்தேன், பாதிக்கு மேல எடிட்டிங்கும் சோஷியல் மீடியா மார்க்கெட்டிங்கும். ஆர்.டி.ஐ., அதான் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஒரு வரி கூட இல்லை, சரிபார்ப்பு ஒரே ஒரு வகுப்பு. நிருபருக்கான கோர்ஸ்னு இதை எப்படி சொல்றாங்களோ!

ராய்ட்டர்ஸ் டிஜிட்டல் ஜர்னலிசம் கோர்ஸ் இணையத்துல இலவசம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோட நைட் சென்டர் நடத்துற வகுப்புகள் பெரும்பாலும் இலவசம், இங்கிலீஷ்ல இருக்கும். கூகுள் நியூஸ் இனிஷியேட்டிவோட சரிபார்ப்புப் பாடங்களும் காசு இல்லாம கிடைக்கும். சர்டிஃபிகேட்டுக்காக ஓடாதீங்க, 46 வயசுல உங்க சர்டிஃபிகேட் நீங்க போட்ட செய்திதான்.

என்னைக் கேட்டா உங்களுக்கு முதல் வேலை யூனிகோட், அதாவது எந்தக் கருவியிலயும் படிக்கவும் தேடவும் முடியுற எழுத்து முறைக்கு மாறுறது. நீங்க இன்னமும் பழைய ஃபான்ட்ல அடிச்சு அனுப்புறதா எழுதியிருக்கீங்க. அதனாலதான் உங்களோட 19 வருஷ செய்தியில 'சவுடு'ன்னு தேடினா ஒண்ணும் வர மாட்டேங்குது. தமிழ்99 கீபோர்டு கொஞ்ச நாள் கைக்கு வராம அடம் பிடிக்கும், அப்புறம் தானா ஓடும். பழைய ஃபைலை மாத்த இலவச கன்வெர்ட்டர்கள் இருக்கு. பேப்பர்ல இருக்கிறதை போட்டோ எடுத்து கூகுள் டிரைவ்ல போட்டு டாக்ஸா திறந்தா தமிழ் எழுத்தை ஓரளவுக்கு நல்லாவே படிச்சுக் குடுக்கும். உங்க மாவட்டத்தைப் பத்தி 19 வருஷ தகவல் தேடி எடுக்கிற மாதிரி ஒருத்தர் கையில இருந்தா அவருக்கு ஈடு யாரு?

ரெண்டாவது ஆவணம் தேடுறது. சவுடு மண் அள்ளுற விஷயம் நீங்க அடிக்கடி எழுதுறதா சொன்னீங்க, அதையே சொல்றேன். குவாரிக்கு சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருந்தா அதோட விண்ணப்பமும் உத்தரவும் மத்திய அரசோட பரிவேஷ் தளத்துல இருக்கும், சர்வே நம்பர், எத்தனை கன மீட்டர், எத்தனை மீட்டர் ஆழம் எல்லாம் போட்டிருப்பாங்க. அந்த சர்வே நம்பரை வச்சு தமிழ்நாடு அரசோட நில ஆவணத் தளத்துல நிலத்தோட வகையைச் சொல்ற அ-பதிவேடு எடுத்தா அது ஏரி நிலமா, மேய்ச்சல் நிலமா, பட்டா நிலமான்னு தெரிஞ்சுடும். அப்புறம் ஐரோப்பாவோட சென்டினல்-2 சாட்டிலைட் படம், இலவசம், அஞ்சு நாளைக்கு ஒருதரம் நம்ம தலைக்கு மேல போகுது. ஒரு புள்ளி தரையில 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதனால லாரி தெரியாது, ஆனா ஒரு ஏக்கர் பள்ளம்னா நாற்பது புள்ளி வரும், அது நல்லாவே தெரியும். போன வருஷம் மார்ச் படத்தையும் இந்த வருஷம் மார்ச் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. மழைக்காலப் படம் எடுக்காதீங்க, தண்ணி நின்னா பள்ளமும் வயலும் ஒண்ணாத்தான் தெரியும், மேகம் வேற மறைக்கும். இவ்வளவும் வீட்டுல உட்கார்ந்து பார்த்துட்டு அப்புறம் வி.ஏ.ஓ.வையும் தலையாரியையும் பார்க்கப் போங்க, அவங்க பேசுற விதமே மாறும். இந்தக் கடைசி வேலையை எந்த ஆப்பும் செய்யாது, உங்களுக்கு அது கைவந்த கலை.

ஆர்.டி.ஐ. பத்தி உங்ககிட்ட ரெண்டு தப்பான எண்ணம் இருக்கு. நிருபர்னு தெரிஞ்சா குடுக்க மாட்டாங்க, காரணம் சொல்லணும்ங்கிறது ஒண்ணு. 6(2)-வது பிரிவே காரணம் கேட்கக்கூடாதுன்னு சொல்லுது, குடிமகனா உங்க பேர்ல போடுங்க, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், 30 நாள்ல பதில் வரணும். இன்னொண்ணு, 'ஏன் இந்த ரோடு போடலை'ன்னு கேள்வி கேட்குறது. கேள்வி கேட்டா 'தகவல் இல்லை'ன்னு ஒரு வரியில முடிச்சுடுவாங்க. ஆவணத்தைக் கேளுங்க: வேலை உத்தரவு நகல், எம் புக் (செஞ்ச வேலையை அளந்து எழுதுற புத்தகம்) நகல், பில் நகல். இல்லைன்னா ஃபைலை நேர்ல பார்க்கணும்னு கேளுங்க, 2(j)-ல அந்த உரிமை இருக்கு, முதல் ஒரு மணி நேரத்துக்கு காசும் இல்லை. ஒரு எச்சரிக்கை, 2025 நவம்பர்ல இருந்து டேட்டா பாதுகாப்பு சட்டம் வழியா 8(1)(j)-ஐ மாத்திட்டாங்க, 'தனிப்பட்ட தகவல்'னு ஒரே வார்த்தையில மறுக்க அதிகாரிகளுக்கு இப்ப சுலபம். அதனால மனுவுலயே 8(2)-ஐ குறிப்பிட்டு, பொதுநலன் பெருசுன்னு ரெண்டு வரி சேர்த்துடுங்க, அப்பீல்ல உதவும்.

வீடியோ எடுக்கிறதா? அது ஒரு வாரத்துல வந்துடும் சார். கையை ஆட்டாம எடுக்கணும், வெளிச்சம் பேசுறவர் முகத்துல விழணும், காலர் மைக் ஒண்ணு வாங்கணும், காத்து சத்தம் இருந்தா யாரும் பார்க்க மாட்டாங்க. மிச்சத்தை அந்த 'என்னண்ணா' பசங்ககிட்டயே கேளுங்க, பதிலுக்கு நீங்க அவங்களுக்கு எஃப்.ஐ.ஆர். படிக்கச் சொல்லிக் குடுங்க.

ஆனா ரீல்ஸ்ல ஒரு ஆபத்து இருக்கு, அதை மட்டும் அழுத்திச் சொல்றேன். குழந்தை சம்பந்தப்பட்ட பாலியல் வழக்குல பேர் போடக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். போக்சோ 23-வது பிரிவு பேரை மட்டும் சொல்லலை, முகவரி, குடும்பம், பள்ளிக்கூடம், அக்கம்பக்கம், அடையாளம் தெரியுற எதையும் சொல்லுது, தண்டனை ஆறு மாசத்துக்குக் குறையாது. பிரிண்ட்ல 'அந்தப் பகுதியைச் சேர்ந்த'ன்னு எழுதிட்டுப் போவீங்க. வீடியோவுல தெரு முனை கோயில், வீட்டு வாசல் கலர், யூனிஃபார்ம், பின்னாடி நிக்கிற அம்மாவோட குரல் எல்லாம் தானா வந்துடும். பெரியவங்களா இருந்தாலும் பி.என்.எஸ். 72 இருக்கு. இந்த மாதிரி எஃப்.ஐ.ஆரை சுருக்கிக் குடுன்னு ஏ.ஐ. சாட்ல ஏத்துறதையும் நிறுத்துங்க, அந்த ஃபைல் உங்க கையை விட்டுப் போயிடுது.

அந்தப் படிவம்

முதல்ல உங்க எண்ணத்துல ஒரு திருத்தம். 'நான் பிரிண்ட் ஆள், வீடியோ எடுக்கச் சொல்ல அவங்களுக்கு உரிமையே இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க. அந்த வாதம் நிக்காது. காலத்துக்கு ஏத்த மாதிரி வேலை முறையை மாத்த நிர்வாகத்துக்கு ஓரளவு உரிமை உண்டு, நீங்க ஒரேயடியா முடியாதுன்னு சொன்னா அதையே கீழ்ப்படியாமைன்னு எழுதி மெமோ குடுப்பாங்க. ஆனா வேலை நேரம், ஓய்வு நேரம், சம்பளம் மாதிரி விஷயத்தை மாத்துறதா இருந்தா 21 நாள் நோட்டீஸ் வேணும், பழைய தொழில் தகராறு சட்டத்துல 9ஏ, புது தொழிலுறவு சட்டத் தொகுப்புல, அதாவது கோடுல (Code), 40. மீட்டிங்ல வாயால சொன்னது நோட்டீஸ் ஆகாது.

1955 உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் நம்மளைக் காப்பாத்தும்னு எழுதியிருக்கீங்க. 2025 நவம்பர் 21-ல இருந்து நாலு தொழிலாளர் கோடும் அமலுக்கு வந்து, அந்த சட்டத்தை உள்ள இழுத்துடுச்சு. அதுல பல பேருக்கு கோவம் இருக்கு, எனக்கும் இருக்கு, ஆனா ஒரு நல்ல விஷயம், உழைக்கும் பத்திரிகையாளர்ங்கிற விளக்கத்துல இப்ப டிஜிட்டல் மீடியாவும் வருது, பகுதி நேரமா இருந்தாலும் வருது. அதனால டிஜிட்டல்னு போட்டாலே சட்டத்துக்கு வெளியேன்னு ஹெச்.ஆர். சொன்னா நம்பாதீங்க. அதுக்காகத்தான் அந்தப் படிவத்துல 'ஊழியர்'னு போடாம 'பங்களிப்பாளர்'னு போட்டிருக்காங்க, அங்கதான் கவனிக்கணும்.

கையெழுத்து போட்டா என்ன போகும்னு கணக்கா பார்ப்போம். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, ராஜினாமா பண்ணினாலும் வரும், பத்திரிகையாளருக்கு மூணு வருஷ சர்வீஸே போதும். உங்க பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 26,000 ரூபாய்னு வச்சுக்கிட்டா, 26-ஆல வகுத்து 15 நாளால பெருக்கி 19 வருஷத்தால பெருக்கினா 2,85,000. இதை அவங்க சலுகையா குடுக்கிற மாதிரி பேசுவாங்க, அது உங்க பணம். ஆனா அவங்களா உங்களை ஆட்குறைப்பு பண்ணினா, இதுக்கு மேல வருஷத்துக்கு 15 நாள் சராசரி சம்பளம் இழப்பீடு தரணும், நோட்டீஸோ நோட்டீஸ் சம்பளமோ தரணும், புது கோடுல 83-வது பிரிவுப்படி மறுபயிற்சி நிதியா இன்னும் 15 நாள் சம்பளம் உங்க அக்கவுன்ட்டுக்கு வரணும். நீங்களா ராஜினாமா எழுதிக் குடுத்தா இந்த மூணும் காலி. வேலையில இருக்கிறவனுக்குப் பயிற்சி குடுன்னு சொல்ல வேண்டிய சட்டம், வேலையை விட்டு எடுத்ததுக்கு அப்புறம் பயிற்சிக்குக் காசு குடுக்குது பாருங்க!

எழுதினதோட உரிமையும் இருக்கு. காப்பிரைட் சட்டம் 17-வது பிரிவுப்படி, வேற ஒப்பந்தம் இல்லைன்னா, பத்திரிகையில சம்பளத்துக்கு இருக்கிறவர் எழுதினதுல பத்திரிகையில வெளியிடுற உரிமைதான் முதலாளிக்கு, மத்த உரிமை எழுதினவருக்கு. நாளைக்கு உங்க கட்டுரைகளைப் புத்தகமா போடணும்னா இது பெரிய விஷயம். நீங்க அனுப்பின ஒப்பந்தத்துல ஆறாவது பத்தியைப் படிச்சீங்களா, 'எல்லா வடிவத்திலும் எல்லா காலத்துக்கும்'னு மொத்தமா வாங்கிக்கிறாங்க. அதுக்குக் கீழயே வழக்கு வந்தா செலவு உங்களோடதுன்னு ஒரு வரி. பஸ் ஸ்டாண்ட் வீடியோ மாதிரி ஒண்ணு அந்த ஒப்பந்தத்துல இருக்கும்போது நடந்தா யார் தலையில விழும்னு யோசிச்சுக்குங்க.

சிலருக்கு அந்த ஒப்பந்தம் சரியா இருக்கலாம், வேற இடத்துக்குப் போற எண்ணம் இருக்கிறவங்களுக்கு, சம்பளம் ரெண்டு மடங்கு ஏறினவங்களுக்கு. உங்களுக்கு ரெண்டும் இல்லை, பொண்ணு பிளஸ் டூ படிக்குது. அதனால கையெழுத்தும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். கீழ இருக்கிற மாதிரி ஒரு கடிதம் குடுங்க:

"நிர்வாகம் கேட்டுக்கொண்டபடி வீடியோ செய்திகள் தர விருப்பமாக உள்ளேன். இதற்குத் தேவையான பயிற்சியை வேலை நேரத்தில் அளிக்கவும், அலுவலக போன், மைக், டேட்டா செலவு ஆகியவற்றை வழங்கவும், தினசரி வேலை அளவையும் நேரத்தையும் எழுத்து மூலம் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். வெளியிடும் முன் சரிபார்ப்பு யார் பொறுப்பு என்பதையும் தெளிவுபடுத்தவும். என் தற்போதைய பணியிலிருந்து ராஜினாமா செய்ய விருப்பமில்லை."

கடைசி வரியை விட்டுடாதீங்க. அந்த சரிபார்ப்பு வரியை அவங்க எப்படியும் தாண்டிப் போகப் பார்ப்பாங்க, அப்படின்னா ரெண்டாவது கடிதத்துல மறுபடி கேளுங்க. பயிற்சி தர்றோம்னு ஒத்துக்கிட்டா முழு மனசோட போய் உட்காருங்க, அங்க போய் முறைச்சுக்கிட்டு நிக்காதீங்க. உங்க எடிஷன்ல இதே நிலைமையில இன்னும் நாலு பேர் இருந்தா தனித்தனியா குடுக்காம சங்கம் மூலமா சேர்ந்து குடுங்க, பதில் வரலைன்னா மாவட்ட தொழிலாளர் துறை சமரச அதிகாரிகிட்ட போகலாம். எதுல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியும் உங்க பத்திரிகையாளர் அங்கீகார அட்டையும் பத்திரிகையாளர் நல வாரிய உறுப்பினர் பதிவும் வேலை வகை மாறினா என்ன ஆகும்னு பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அதிகாரி) ஆபீஸ்ல எழுத்துல கேட்டு வாங்கிக்குங்க.

கடிதத்தை ஹெச்.ஆர். மெயிலுக்கும் அனுப்புங்க, பேப்பர்லயும் அனுப்புங்க. ரெஜிஸ்டர் தபால் இப்ப ஸ்பீட் போஸ்ட்டோட சேர்ந்துடுச்சு, கவுன்ட்டர்ல ரெஜிஸ்ட்ரேஷனும் டெலிவரி சான்றும் வேணும்னு சொல்லிக் கேளுங்க. நியமனக் கடிதம், கடைசி ஒரு வருஷ சம்பள ரசீது, பி.எஃப். பாஸ்புக் மூணையும் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இல்லாம வீட்டுல ஒரு நகல் வைங்க. ஆனா நாளைக்குக் காலையில முதல் வேலை இன்ஸ்பெக்டருக்கு அந்த நோட்டீஸ் கேட்டு ஒரு மெசேஜ் அனுப்புறது, நோட்டீஸ் கைக்கு வந்ததும் அதோட போட்டோவை எனக்கு அனுப்புங்க.